ஒரு கட்டைவிரலுக்கு நாலு அர்த்தம்

எங்கள் ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் இருநூறு பேர் வேலை செய்கிறார்கள். அதில் பாதிப் பேர் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில் எழுத இவர்களில் ஒருவருக்கும் வராது. போனில் கட்டைவிரலைக் காட்டுவார்கள், கையைக் கூப்புவார்கள், மஞ்சள் மூஞ்சி ஒன்றைக் கண்ணடிக்க விடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை இப்படி ஜாடை காட்டினால் பேச்சு வரவில்லையே என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். டாக்டரே ஜாடை காட்டினால் பழக இனிமையானவர் என்கிறோம்.

என்னை அப்படித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள் அம்மா. நாலு வயது வரை எனக்குப் பேச்சு வரவில்லை. வந்தபோது முழு வாக்கியமாக வந்ததாம். முப்பத்தொரு வயதில் ஒரு டாக்டர் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் நகலை அலுவலகத்தில் கொடுத்தேன். கொடுக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது, கொடுத்தேன். நிர்வாக அதிகாரி பதிலுக்குச் சிவப்பு இதயம் ஒன்று அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இதயப் பிரிவுக்குப் போக வேண்டியது தவறி எனக்கு வந்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

என் வேலை கீழ்த்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு என் அறைக்கு வரும். கழுவி, உலர்த்தி, ஒவ்வொரு கத்தரியின் மூட்டுப் பகுதியையும் விளக்கடியில் திறந்து பார்த்து, செட் செட்டாகத் தட்டில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீராவி மெஷினுக்குள் தள்ளுவேன். மெஷின் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க, தினமும் சுண்டுவிரல் அளவில் ஒரு சோதனைக் குப்பியும் உள்ளே போகும். சாகடிக்கக் கஷ்டமான கிருமியை அதில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்து ஒரு நாள் இளஞ்சூட்டில் வைத்தால், கிருமி செத்திருந்தால் குப்பி ஊதாவாகவே இருக்கும், உயிரோடு இருந்தால் மஞ்சளாகிவிடும். அந்தக் குப்பி மரியாதைக்காக மஞ்சளாகாது. மேலதிகாரிக்கு ஒரு மஞ்சள், தோழிக்கு ஒரு மஞ்சள் என்று இளிக்கவும் அதற்குத் தெரியாது.

இதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம், ஒரு துணிக்கடை, ஒரு வரவேற்பு மேசை என்று மூன்று இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் “நல்ல பொண்ணுதான், ஆனா ஒத்துப்போக மாட்டேங்குது” என்று அனுப்பிவிட்டார்கள். இந்தக் கீழ்த்தள அறையில் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தேன். என் ஆயுளில் தோளை இறக்கி நிம்மதியாக மூச்சு விட்ட ஒரே அறை அதுதான். அதை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு உண்டு.

ஐந்து வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. செட் வேண்டுமென்றால் சீட்டு வரும், அவசரமென்றால் சுவர் போன் அடிக்கும். ஆறாம் வருஷம் இப்போதுள்ள நிர்வாக அதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாகச் சீட்டை ஒழித்தார், சுவர் போனைப் பிடுங்கினார், அறுபத்து நான்கு பேரை ஒரே குரூப்பில் போட்டு, இனிமேல் எல்லாம் இதில்தான் என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

குரூப்பில் சேர்ந்த மூன்றாம் நாள் யாரோ ஒரு மண்டையோட்டுப் படம் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் மண்டையோடு வந்தால் மனிதப் பிறவிக்கு என்ன தோன்றும்? “யார் இறந்தது? எந்த வார்டு?” என்று கேட்டேன். பதிலாக முப்பத்திரண்டு மண்டையோடுகள் வந்தன. என் தங்கையிடம் காட்டினேன். நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்.

“அக்கா, அது சிரிச்சு சிரிச்சு செத்தேன்னு அர்த்தம்.”

“சிரிச்சா சிரிக்கிற மூஞ்சிதானே போடணும்?”

“அது பழசாயிடுச்சாம். இப்ப அதப் போட்டா கெழவின்னு சொல்லுவாங்க.”

“அப்ப நெஜமாவே யாராவது செத்தா என்ன போடுவாங்க?”

அவள் கொஞ்சம் யோசித்து, “கை கூப்புவாங்க” என்றாள். அன்று காலைதான் தலைமை நர்ஸ் எனக்குக் கை கூப்பியிருந்தார், ஒரு செட்டைச் சீக்கிரம் அனுப்பியதற்கு. யாரிடம் அர்த்தம் கேட்டாலும் கடைசியில் “சும்மா போடறதுதான்” என்று முடிப்பார்கள். சும்மா என்றால் போடாமல் இருந்திருக்கலாமே.

எனக்கு ஒன்று புரியவில்லையென்றால் அப்படியே விட முடியாது. ஒரு நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். எவர் எந்தப் படம் போட்டாலும் அவரிடமே நேரில் போய் அர்த்தம் கேட்டு, தேதியோடு எழுதி வைத்தேன். தலைமை நர்ஸ் பக்கத்தில்: கூப்பிய கை, காலையில் என்றால் நன்றி, மதியத்துக்கு மேல் என்றால் போதும் விடு. மெஷின் பழுது பார்ப்பவர் பக்கத்தில்: நெருப்பு என்றால் பிரமாதம், தீ விபத்து இல்லை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் பரிதாபமாக இருந்தது. சம்பளம் வாங்கும் வேலையை விட்டுவிட்டு, பெரியவர்கள் கிறுக்கியதற்கு அகராதி எழுதிக்கொண்டிருந்தேன்.

என் சூப்பர்வைசரின் பக்கம்தான் சின்னது. அவருக்குத் தெரிந்தது ஒரே படம், கட்டைவிரல். நான் மனதுக்குள் அவரைக் கட்டைவிரலார் என்றே கூப்பிடுவேன். மூன்றாம் மாடியில் ஏசி அறையில் இருந்துகொண்டு என் வேலையை மேற்பார்வை பார்ப்பார். ஆறு வருஷத்தில் கீழ்த்தளத்துக்கு வந்தது இரண்டு முறை, அதில் ஒரு முறை லிப்டில் தப்பான பொத்தானை அழுத்திவிட்டு வந்தது. அவரிடமும் போய்க் கேட்டேன்.

“சார், நீங்க கட்டைவிரல் போட்டா என்ன அர்த்தம்?”

“ஓகேன்னு அர்த்தம்மா. இதுகூடவா தெரியாது?”

“அப்ப நான் கேட்டதச் செய்யலாமா?”

“அட, செய்ம்மா. ஓகேன்னா ஓகேதானே.”

எழுதிக்கொண்டேன். தேதி போட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்குச் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். இரண்டாம் மெஷினின் குப்பி மஞ்சள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எலுமிச்சை மாதிரி மஞ்சள். முந்தின நாள் அந்த மெஷினிலிருந்து பதினேழு செட் மேலே போயிருந்தது. பதினேழும் நீலத் துணி சுற்றி, டேப் ஒட்டி, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கலாம். திரும்ப எடுக்க வேண்டும். எடுக்க சூப்பர்வைசரின் அனுமதி வேண்டும் என்பது விதி. குரூப்பில் எழுதினேன்:

“இரண்டாம் மெஷின் சோதனைக் குப்பி மஞ்சள். நேற்று அதிலிருந்து போன பதினேழு செட்டையும் பயன்படுத்தக் கூடாது. நானே வந்து திரும்ப எடுக்கட்டுமா? சூப்பர்வைசர் பதில் சொல்லவும்.”

ஒரு நிமிடத்தில் கட்டைவிரலார் கட்டைவிரலைக் காட்டினார். பின்னாலேயே நிர்வாக அதிகாரியும் ஒரு கட்டைவிரல். தலைமை நர்ஸ் கை கூப்பினார். நோட்டைத் திறந்து பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினாறு செட் அலமாரியிலேயே இருந்தது. பதினேழாவது செட் மட்டும் முதல் தியேட்டரில், மேசை மேல், டேப் பிரிக்காமல் இருந்தது. நோயாளி படுத்திருந்தார். வயிற்றில் மருந்து தடவியாகிவிட்டது, மயக்க ஊசிக்குக் கை நீட்டியாகிவிட்டது. நான் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய், “இந்த செட் கூடாது, கிருமி சாகல” என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய டாக்டர் கத்திய கத்தலுக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோபமாக இருந்தால் கோபமாகக் கத்துகிறார் பாருங்கள், அந்த விஷயத்தில் எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு.

மாற்றுச் செட் தயாராக மூன்று மணி நேரம் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மெஷினைத் திறந்து பார்த்ததில் நீராவி வரும் வால்வு ஒன்று பழுது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு காத்திருந்த அந்த நோயாளி, ஆஸ்பத்திரி டிரஸ்டி ஒருவரின் மச்சானாம். கிருமியோடு வயிற்றைக் கிழித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. காக்க வைத்தது தெரிந்துவிட்டது.

மறுநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரி, கட்டைவிரலார், தலைமை நர்ஸ், பெரிய டாக்டர் நாலு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரக் கேட்டு தியேட்டருக்குள்ள போனீங்க?” என்றார் நிர்வாக அதிகாரி.

“சூப்பர்வைசர் சாரக் கேட்டு.”

“நான் எப்பம்மா போகச் சொன்னேன்?” கட்டைவிரலார் நெஞ்சில் கை வைத்தார். “பாத்துட்டேன்னு ஒரு தம்ஸ் அப் போட்டேன். பாத்துட்டேன், நான் பேசிட்டுச் சொல்றேன்னு அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும்.”

“ஓகேன்னு அர்த்தம், செய்யலாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கீங்க. தேதி இருக்கு.”

“எதுக்கோ எப்பவோ சொன்னதுமா அது!”

நிர்வாக அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து ஊட்டும் குரலுக்கு மாறினார். “இங்க பாருங்கம்மா, யாரும் உங்களக் குத்தம் சொல்லல. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அதப் புரிஞ்சிக்கிட்டுத்தான் இத ரெடி பண்ணியிருக்கோம்.” ஒரு தாளைத் தள்ளினார். காகிதத்தை ஒழித்தவர்தான். மாட்டிவிடுவதற்கு மட்டும் காகிதம் வேண்டியிருக்கிறது.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘எனக்கு ஆட்டிசம் இருப்பதால், சூப்பர்வைசர் அனுப்பிய குறியைத் தவறாகப் புரிந்துகொண்டு, அனுமதி இல்லாமல் கருவிகளைத் திரும்ப எடுத்தேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’

“கையெழுத்துப் போட்டுட்டா அதே ரூம், அதே வேல. நாளைக்குக் காலைல கொண்டுவாங்க” என்றார்.

அன்று சாயங்காலம் தங்கை அந்தத் தாளை நின்றுகொண்டே படித்தாள்.

“போட்டுருக்கா.”

“பொய் எழுதியிருக்கு.”

“ஒலகத்துல யாருக்கா பொய்யில கையெழுத்து போடாம வேல பாக்கறாங்க? அந்த ரூம விட்டா உனக்கு வேற எந்த எடம் ஒத்துவரும்? துணிக்கடைய விட்டு வந்தப்ப ஆறு மாசம் நீ கட்டில விட்டு எறங்கல. நான்தான் பாத்தேன்.” தாளை என் கையில் திணித்தாள். “மறுபடியும் என்னால அதப் பாக்க முடியாது.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அந்த ஆறு மாதம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, கூரையில் எத்தனை விரிசல் என்று இன்றும் சொல்வேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன். போட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் பேனாவையும் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை அதே மேசை, அதே நாலு பேர். தாளை விரித்தேன். ‘தவறாகப் புரிந்துகொண்டு’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. தவறு என்றால் சரி என்று ஒன்று இருக்க வேண்டும். அந்தச் சரி என்னவென்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மேசையிலிருந்த குறிப்புத் தாள்களில் நாலைக் கிழித்து ஆளுக்கு ஒன்று வைத்தேன்.

“நான் போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க நாலு பேரும், அன்னிக்கு சூப்பர்வைசர் சார் போட்ட கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்னு எழுதிக் குடுங்க. பக்கத்துல பாக்காம எழுதுங்க.”

“என்னம்மா இது, பள்ளிக்கூடமா?” என்றார் கட்டைவிரலார். பெரிய டாக்டர் மட்டும் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். ஆபரேஷனுக்கு நேரமாகிறது, சீக்கிரம் முடிந்தால் சரி என்பது அவர் கணக்கு. அவர் எழுதவும் மற்றவர்களும் முனகிக்கொண்டே எழுதினார்கள்.

நாலையும் வாங்கி உரக்கப் படித்தேன். கட்டைவிரலார்: ‘பார்த்துவிட்டேன்.’ பெரிய டாக்டர்: ‘செய்.’ தலைமை நர்ஸ்: ‘எனக்கு ஆட்சேபணை இல்லை, உங்கள் பாடு.’ நிர்வாக அதிகாரி: ‘நல்ல வேலை, தொடருங்கள்.’

தலைமை நர்ஸ் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். நிர்வாக அதிகாரி சிரிக்கப் பார்த்தார்.

“நாலு பேருக்கு நாலு விதமாத் தோணறது சகஜம்தானேம்மா. நாங்கல்லாம் சூழ்நிலைய வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம். உங்களுக்குத்தான் அது வராது.”

“நாலு பேருக்கு நாலு அர்த்தம்னா, அது என் வியாதி எப்படி சார்?”

பெரிய டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரும் அவ்வளவுதான்.

“கடைசியாக் கேக்கறேன், கையெழுத்து போடறீங்களா இல்லையா?” நிர்வாக அதிகாரியின் குரலில் ஊட்டுகிற தேன் காய்ந்துவிட்டது.

“மாட்டேன்” என்றேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. தங்கையின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

அன்று மதியமே என்னை அதே கீழ்த்தளத்தில் இருந்த துணி அறைக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி கவுன், எண்ணி மடித்து அடுக்க வேண்டும். உத்தரவை நிர்வாக அதிகாரி தன் வாயாலேயே சொன்னார், அந்த ஒரு தடவை மட்டும் தெளிவான வாக்கியத்தில். “இனிமே கருவி பக்கம், தியேட்டர் பக்கம் உங்களப் பாத்தா, அன்னிக்கே வேல கெடையாது. புரிஞ்சுதா?” புரிந்தது. இவர்களுக்கு வாக்கியம் எழுத வராமல் இல்லை. மிரட்டும்போது நன்றாகவே வருகிறது.

நான் மாறிய செய்தி குரூப்பில் வந்தது. அழுகிற மூஞ்சி, உடைந்த இதயம், பூங்கொத்து, கட்டிப்பிடிக்கிற மூஞ்சி என்று நாற்பத்தேழு படங்கள் வந்தன. எண்ணிப் பார்த்தேன். கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்க ஒருவருக்கும் கால் இல்லை. கட்டிப்பிடிக்கும் மூஞ்சியை அனுப்பியவர் அன்று சாயங்காலம் லிப்டில் என் பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது, “சரி விடு, துணி அறையாவது இருக்கே” என்றாள். அதைச் சொல்ல அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. படம் எதுவும் இல்லாமலேயே தெரிந்தது.

என் இடத்துக்கு, வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் போட்டார்கள். ஐம்பது வயது, கெட்டவர் இல்லை, யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். குரூப்பில் அவருக்கு நல்ல பெயர். ஒரு செய்திக்கு மூன்று படமாவது போடுவார். மெஷின் வேலையை இரண்டே நாள்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு காலை, விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. என்னைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. புதியவர் எழுதியிருந்தார்: ‘ரெண்டாவது மெஷின் குப்பி மஞ்சள். நேத்து போன செட் எல்லாம் திரும்ப எடுக்கணும்.’ பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு மூஞ்சி. கீழே கட்டைவிரலாரின் கட்டைவிரல். அதன் கீழே இன்னொன்று, இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று ஆனது.

விரிப்பை வைத்துவிட்டு, நடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த என் பழைய அறைக்குப் போனேன். புதியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி சுவரோரம் காலியாக நின்றது.

“செட் எல்லாம் எடுத்தாச்சா?”

“குரூப்ல போட்டுட்டேனே, பாக்கலியா? எல்லாரும் தம்ஸ் அப் குடுத்துட்டாங்க.”

“எடுத்தது யாரு?”

“யாராவது எடுத்திருப்பாங்கம்மா. அதான் பதினோரு பேர் பாத்திருக்காங்களே.”

நின்ற இடத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. ஒரு வருஷம் நோட்டுப் போட்டு, ஆள் ஆளாகக் கேட்டு எழுதியும் பிடிபடாத அர்த்தம். பதினொரு பேரில் ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேரைப் பார்த்து ‘நீ போ’ என்று காட்டிய விரல் அது. நான் மரமண்டை இல்லை. அதைவிட அற்பமான ஒரு அர்த்தத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு அருவருப்பாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது, ஏனென்றால் மணி ஒன்பதே முக்கால். முதல் ஆபரேஷன் பத்து மணிக்கு.

தியேட்டர் பக்கம் பார்த்தால் வேலை இல்லை என்று சொன்ன வாக்கியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முழு வாக்கியம், எனக்கு மறக்காது. கட்டிலும் கூரை விரிசலும் ஞாபகம் வந்தன. தங்கைக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் அவள் வேண்டாம் என்பாள், நானும் கேட்டுவிடுவேன். தள்ளுவண்டியைப் பிடித்தேன். அதன் முன் சக்கரம் ஒன்று எப்போதும் இடப்பக்கம் இழுக்கும், இடுப்பால் முட்டி நேராக்கிக்கொண்டு லிப்டுக்குத் தள்ளினேன்.

“ஏம்மா, நீங்க போகக் கூடாதே!” என்றார் புதியவர்.

“நீங்க வர்றீங்களா?”

அவர் போனைப் பார்த்தார்.

இரண்டாம் மாடியில் தியேட்டர் வாசலில் தலைமை நர்ஸ் கையை விரித்து மறித்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, மேசை மேல் நீலத் துணி சுற்றிய தட்டு, பக்கத்தில் கட்டிலில் ஒரு வயதான அம்மாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. யாருடைய மச்சினியும் இல்லை போலிருக்கிறது, தனியாகப் படுத்திருந்தார்.

“எங்க வந்தே? நீ இங்க வரவே கூடாதுன்னு ஆர்டர் இருக்குல்ல?”

“அந்த செட்டப் பிரிக்காதீங்க சிஸ்டர். குப்பி மஞ்சள். குரூப்ல வந்துச்சே, நீங்களும் கட்டைவிரல் போட்டிருக்கீங்க.”

அவர் முகம் வெளிறியது. அந்த முகத்தைப் படிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் வாசலை விட்டு நகரவில்லை. ஒரு கையால் போனைத் துழாவி எடுத்தார்.

“இரு, இரு. சூப்பர்வைசரக் கேட்டுடறேன். யாரு உனக்கு எடுக்கச் சொன்னது? யாரு பர்மிஷன் குடுத்தா?”

“யாரும் குடுக்கல” என்றேன். “நாந்தான் எடுக்கறேன்.”

போனும் கையுமாக நின்றவரைச் சுற்றிக்கொண்டு, தள்ளுவண்டியால் கதவை முட்டித் திறந்து உள்ளே போனேன்.